கையெழுத்துக்கு முன் குனிந்து பார்

என் அன்பு மனைவிக்கு,

இங்கே நான் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

அரசுப் பள்ளிகளை மேம்படுத்தும் திட்டத்தில் அவள் பள்ளிக்குப் புது ஆய்வகம் வருகிறது என்று எழுதியிருந்தாய். சிரிக்காதே, அந்த ஆய்வகத்துக்கான மேசைகள் எங்கள் பட்டறையில்தான் தயாராகின்றன. மேசையில் தொட்டி உண்டு, குழாய் உண்டு. கழிவுநீர் போகும் பைப் மட்டும் ஆர்டரிலேயே இல்லை. சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டுவாரு. யாருய்யா குனிஞ்சு பாக்கப் போறா?" என்றார்.

நானும் வாயை மூடிக்கொண்டு நாற்பது மேசைகளுக்குத் திருகாணி முடுக்கினேன். தேர்தல் வந்தால் மட்டும் இவர்களுக்குப் பிள்ளைகள்மேல் பாசம் பொத்துக்கொண்டு வருகிறது!

நீ பெற்றோர் குழுவில் இருக்கிறாய். எல்லாம் சரியாக வந்து சேர்ந்தது என்று உன்னிடம் கையெழுத்துக் கேட்பார்கள். தலைமையாசிரியர் எவ்வளவு குழைந்தாலும் நம்பாதே.

நீ போர்த்தும் பழைய போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு. வேலைக்கு மணி அடித்துவிட்டது.

எல்லாரும் கைதட்டும்போது நீ மட்டும் மேசைக்கு அடியில் குனிந்து பார். பைப் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதே, அது உன் புருஷன் செய்த மேசையாகவே இருந்தாலும்.