வெறும் வயிற்றுக் காப்பி

வடகரை,
18-7-1984

செல்ல மகள் பேச்சித்தாய்க்கு அப்பா எழுதுவது. குற்றாலநாதர் புண்ணியத்தில் இங்கே நான், உன் அம்மா, பசு, கன்று எல்லோரும் சுகம். அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் வளரும் சின்னவரும் அதேபோல் இருக்க வேண்டும். சாரல் நன்றாக விழுகிறது, வேட்டிதான் காயவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. ரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது, மறுசோதனையிலும் கூடினால் பிரசவம்வரை தினமும் ஊசி என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். உன் அம்மா அழுத அழுகையில் உலை பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. கடிதத்தோடு தென்காசிக்கு பஸ் ஏறினோம். அங்கே ரத்தம் சோதிக்கும் அய்யாக்குட்டி அதை வாசித்துவிட்டுச் சிரிக்கிறான். "அண்ணாச்சி, 'எழுந்ததும் காப்பி குடித்துவிட்டு வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்'னு பிள்ள எழுதியிருக்கே, பாக்கலியா?" என்றான். மூன்று தடவை வாசித்த எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. உன் அம்மா சண்டைக்கே போய்விட்டாள். "காப்பி எப்பிடிய்யா சாப்பாடாவும்? வெறும் வயித்துலதான எல்லாரும் காப்பி குடிக்கோம்!" என்றாள். கருப்பட்டி போட்டாலும் ரத்தத்துக்கு அது சீனிதானாம். அடுத்த தடவை தண்ணீர் தவிர ஒரு சொட்டு உள்ளே இறங்கக் கூடாது, மாப்பிள்ளை கெஞ்சினாலும் சரி.

அதற்காக மெத்தனமாக இருந்துவிடாதே. தென்காசியிலேயே ஒரு டாக்டரம்மாவிடமும் கேட்டோம். நிஜமாகவே கூடியிருந்தாலும் முன்னாலேயே தெரிந்தால் பயமில்லை, தெரியாமல் விட்டால்தான் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருத்துக் கஷ்டமாகும் என்றார். உடனே உன் அம்மா, உனக்கு முன்னால் பிறந்து ஒரு நாள்கூடத் தங்காத உன் அண்ணனைப் பற்றிச் சொன்னாள். பத்து ராத்தல், இந்தக் காலத்துக் கணக்கில் நாலரைக் கிலோ இருந்தான். மாசமாக இருக்கும்போது வாய்க்காலைத் தாண்டினாயே, அதனால்தான் என்று அன்றைக்கு ஊரில் சொன்னதை அவள் இன்றுவரை மனதில் வைத்திருக்கிறாள். அதுவும் சீனியாக இருந்திருக்கலாம், அந்தக் காலத்தில் யார் ரத்தம் பார்த்தார்கள் என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும்போது பஸ் இலஞ்சி தாண்டியதும் உன் அம்மா, "அப்ப நான் வாய்க்காலத் தாண்டுனதுனால இல்லியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அவளுக்கு எழுதுங்க, ஊசின்னா ஊசி, போட்டுக்கிடச் சொல்லுங்க" என்றாள்.

இலஞ்சிக் குமாரர் உன்னையும் பிள்ளையையும் காப்பார். தீர்க்காயுசாக இரு. சோதனையில் என்ன வந்தாலும் மறைக்காமல் எழுது. நல்ல சேதியானாலும் தந்தி மட்டும் அடிக்காதே, தந்திக்காரர் சைக்கிள் வாசலில் நின்றாலே உன் அம்மா அழத் தொடங்கிவிடுவாள்.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
மந்திரமூர்த்தி