முதுகு காட்டி நிற்பவன்

29 டிசம்பர் 2024, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் விமலா போன் செய்தாள். கோலாலம்பூரில் அவளுடைய கேலரிதான் என் ஓவியங்களை விற்றுத் தருகிறது. அடுத்த மாதம் சிங்கப்பூரில் பன்னாட்டு ஓவியச் சந்தை. மூன்று பேரின் படங்களைக் கொண்டுபோகிறாளாம், அதில் நான் ஒருத்தி. "அந்த ஆறடிப் படம் கண்டிப்பா வேணும் கெய்ட்லின். முதுகு காட்டி நிக்கிற ஆளு. அதுதான் லா!"

அந்த ஆள் என் தம்பி ஜாரெட். செம்பனை மரங்களுக்கு நடுவில், இடது கையைப் பின்னால் வளைத்து வலது முழங்கையைப் பிடித்தபடி நிற்கிறான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் நிற்பான்.

முகம் வரைய எத்தனையோ தடவை முயன்றேன். வரவில்லை. கனவிலும் முதுகுதான்.

31 டிசம்பர்

அம்மாவிடம் சொன்னேன். மீன் அலசிக்கொண்டிருந்தவள் திரும்பவே இல்லை. "செத்தவங்களத்தான் சுவத்துல மாட்டுவாங்க. அவன் எங்கயோ உசுரோட இருக்கான். அவன ஏன்டி ஊர் ஊரா தூக்கிட்டுப் போற?"

அவனுக்கும் அப்பாவுக்கும் ஒரு பைக்கை வைத்து ஆரம்பித்த சண்டை. "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றார் அப்பா. அன்றைக்கே வீட்டை விட்டுப் போனவன் முழிக்கவே இல்லை. மறுவருடம் அப்பாவுக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். சொல்லி அனுப்ப எங்களிடம் விலாசமும் இல்லை, நம்பரும் இல்லை. மகன் கையால் ஒரு பிடி மண் விழாமலேயே புதைத்தோம்.

4 ஜனவரி

லோரி வந்து படத்தை ஏற்றிப்போனது. அம்மா வெளியே வரவில்லை. படம் சாய்ந்திருந்த மூலையை யாரோ இன்னும் அடைத்துக்கொண்டு நிற்பது போலவே இருக்கிறது. சுற்றிக்கொண்டு நடக்கிறேன்.

15 ஜனவரி, சிங்கப்பூர்

மண்டபம் முழுக்க மரப்பெட்டிகள், ஏணிகள். படம் மாட்ட வந்தவர்களில் ஒருவர் தமிழர். பெயர் திருச்செல்வம், சுங்கை ஆயர் தாவார் ஊர்க்காரராம். என் படத்தை ஏற்றிவிட்டு நகராமல் நின்றார்.

"இது ஜாரெட்தானே?"

முகமே இல்லையே! எப்படி?

"அவன் நிக்கிறத பாத்தா தெரியாதா? ஜொகூர் பாருல ஒரே வீட்டுலதான் இருக்கோம். சாமான் ஏத்துற வேலைக்குத் தெனமும் எல்லைப் பாலம் தாண்டி இங்கதான் வர்றான்."

இருக்கான். இருக்கான். அப்படியே தரையில உக்காந்துட்டேன். அழல. ஏன் அழல?

நான் அவன் அக்கா என்று சொல்லி, என் நம்பரைக் கொடுத்து அவன் நம்பரைக் கேட்டேன். தயங்கினார். "வீட்டுப் பேச்சு எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவான்மா. அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத் தர்றேன்."

அப்பா போனதைச் சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். அதை அவன் வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது.

17 ஜனவரி

நல்ல கூட்டம். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று, இவர் எப்போது திரும்புவார் என்று கேட்டது. வேடிக்கையாகத்தான் கேட்டார்கள். விமலா சிரித்தாள். நான் கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

வருகிற முகம் எதையும் நான் பார்ப்பதில்லை. போகிற முதுகுகளைத்தான் பார்க்கிறேன்.

19 ஜனவரி

கடைசி நாள். அவன் வரவில்லை. படங்களை இறக்கத் திருச்செல்வம் வந்தார்.

"போன்ல படம் எடுத்துக் காட்டுனேன்மா. ரொம்ப நேரம் பாத்தான். ஒங்க நம்பர வாங்கிக்கிட்டான். வேற ஒன்னும் கேக்கல."

படத்தை அந்தத் தம்பதியே வாங்கிவிட்டார்கள். விமலா என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நானும் குதித்தேன் என்று நினைக்கிறேன்.

26 ஜனவரி, புக்கிட் பெலிம்பிங்

வீடு வந்த நாளிலிருந்து போனைக் குளியலறைக்கும் எடுத்துப்போகிறேன். ஒன்றும் இல்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

மத்தியானம் தெரியாத நம்பர். அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு, "அக்கா."

அம்மாவின் கை அப்படியே நின்றது.

இப்பவே சொல்லிடணும், மொதல்ல அதத்தான் சொல்லணும்னு நெனச்சேன். அவன் முந்திக்கொண்டான், குரலைத் தாழ்த்தி. "அப்பா பக்கத்துல இருக்காரா? இருந்தா சொல்லு, வச்சிடறேன்."



அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அவரு தூங்கறாருப்பா. நீ பேசு. மெதுவாப் பேசு."

அவன் மெதுவாகவே பேசினான். நாங்களும். நல்ல வெயில் நேரம், ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. அவரை எழுப்பிவிடாமல் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தோம்.