இரண்டு குறில், ஒரு நெடில்

செப்டம்பர் 8, 2025

இன்றும் ராங் நம்பர். சர்ச் பங்குச் சாமியார் இல்லத்து எண்ணுக்கும் எங்கள் லேண்ட்லைனுக்கும் கடைசி இலக்கம்தான் வேறுபாடு. "சாமிங்களா?" என்பார்கள். "இல்லைங்க, ராங் நம்பருங்க" என்பேன். மனைவி ஹெலன் போனபின், பகலில் நான் வாய் திறந்து பேசுவது பெரும்பாலும் இவ்வளவே.

மாலையில் லாரி விளையாட்டு. மகன் ஜூட் பெங்களூரிலிருந்து வந்தபோது, "அப்பா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டலாம்" என்று கணினியில் போட்டுக் கொடுத்தது. அவன் ஒரு வாரம் ஓட்டினான். எனக்கு இது மூன்றாம் வருடம். செங்கோடன் என்ற பெயரில் ஒருவர் தினமும் கூட வருகிறார். ஊர் திருச்செங்கோடு என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. கேட்டதில்லை. மைக்கில் பேச எனக்குத் தைரியம் இல்லை, எழுத்தில்தான். புறப்படும்போது இருவரும் ஹாரன் அடிப்போம் — இரண்டு குறில், ஒரு நெடில்.

ஒரு வளைவில் நான் தயங்கி நின்றதும் எழுதினார்: "மெதுவா வாங்க சாமி. நான் நிக்கறனுங்க."

மரியாதை தெரிந்த மனிதர்.

செப்டம்பர் 19

விளையாட்டு நிறுவனத்தின் அறிவிப்பு. ஆட்கள் குறைந்துவிட்டார்களாம். அக்டோபர் 31 மாலையோடு சர்வரை நிறுத்துகிறார்கள். அதன்பின் திறந்தால் ஒன்றும் வராது.

செப்டம்பர் 20

விளையாட்டின் பொதுப் பலகையில் ஒரே சண்டை. "காசு குடுத்து வாங்குன வண்டிய நீ எப்படிப் பிடுங்குவே?" "நெட் இல்லாமலாவது ஓட விடுங்கடா." நியாயம் என்றுதான் பட்டது. பிறகு நிபந்தனைகளை முதன்முறையாக முழுக்கப் படித்தேன். எப்போது வேண்டுமானாலும் நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டு. 'சம்மதம்' என்று அழுத்தியவன் நான்தான். மருந்துச் சீட்டைக்கூட இருமுறை படிப்பவன்.

என்ன எதிர்பார்த்தேன்? எனக்கு முன் அது முடியாது என்றா?

ஜூட்டிடம் சொன்னேன். "வேற கேம் எறக்கிக்கோங்கப்பா." அதில் செங்கோடன் இருப்பாரா?

அக்டோபர் 12

அவருடைய நம்பரைக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அக்டோபர் 24

என் நம்பரை எழுதியே விட்டேன். இலக்கங்கள் எல்லாம் நட்சத்திரங்களாகிவிட்டன. நம்பர் கொடுக்க விளையாட்டு விடாதாம். "என்னுங்க சாமி, கோலம் போட்டிருக்கீங்க?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். கோழை.

அக்டோபர் 31

கடைசி ஓட்டம். செங்கோடன் எழுதினார்: "சாமி, நீங்க நல்லாப் படிக்கோணும். வண்டிப் பைத்தியமா இருக்கக் கூடாது. அப்பா அம்மா சொல்றதக் கேளுங்க."

ஐயோ. அவர் ஊர்ப் பக்கம் பெரியவரும் சாமி, பிள்ளையும் சாமி. பிள்ளைகளுக்கும் 'ங்க' போடுவார்கள். இத்தனை நாளும் என்னை ஏதோ பள்ளிக்கூடப் பையன் என்று —

ஆளில்லாத சிக்னலிலும் நிற்பவனை, "முந்தலாமா?" என்று கேட்டுவிட்டு முந்துபவனை வேறு என்னவென்று நினைப்பார்?

"எனக்கு வயது எழுபத்தொன்று" என்று எழுதினேன்.

அவர் வண்டி ஓரங்கட்டி நின்றது.

"ஏனுங்க, நெசமாவா? ஏழாவது படிக்கிற பையன்னு நெனச்சனுங்களே! எனக்கு அறுபத்தாறுங்க. போர் போடற ரிக் வண்டி ஓட்டுனவன். சர்க்கரையில ஒரு கால எடுத்துட்டாங்க. இப்ப எனக்கு ரோடுன்னா இது ஒண்ணுதானுங்க."

என் எண்ணைத் தமிழில் சொற்களாகவே எழுதினேன் — பூஜ்யம், நான்கு, இரண்டு, ஏழு... நட்சத்திரம் ஆகவில்லை. கைபேசி எண்ணைத் தரப் பயம். மோசடிச் செய்தி தினமும் வருகிறது. லேண்ட்லைன்தான் கொடுத்தேன். அவர் பதில் எழுதுமுன் திரை கறுத்துவிட்டது.

முழுதும் போய்ச் சேர்ந்ததா?

நவம்பர் 1

காலையில் போன். "சாமிங்களா?" "இல்லைங்க, ராங் நம்பருங்க." வைத்துவிட்டேன்.

ரசம் கொதிக்கும்போதுதான் உறைத்தது. அறிவு இருக்காய்யா உனக்கு? அது அவரா? இல்லை, நாளைய கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர் பெயர் கொடுக்கக் கூப்பிட்டவரா? இந்தப் பழைய போனில் கூப்பிட்டவர் எண் தெரியாது.

நவம்பர் 2

ஹெலன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு உடனே திரும்பினேன். நாள் முழுதும் "சாமிங்களா?" எல்லாருக்கும் "ஆமாங்க" என்றேன். பொய்தான். பூசை நேரம் கேட்டார்கள், சொன்னேன். ஓர் அம்மாள், தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய எப்போது வரலாம் என்றார். அப்போதுதான் பயந்துபோய் உண்மையைச் சொன்னேன்.

அவர் கூப்பிடவில்லை.

நவம்பர் 5

"சாமிங்களா?"

"ஆமாங்க."

அந்தப் பக்கம், வாயாலேயே ஒரு ஹாரன் — இரண்டு குறில், ஒரு நெடில்.

நானும் பதிலுக்கு அடித்தேன். ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன்.