நீ பாடிய நான்கு சரணங்கள்

நேற்றுக் காலை வாழைச்சேனையில் ஒரு கலியாண வீட்டுக்கு ஸ்பீக்கர் பூட்டப் போவதற்காக மைக் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடியில் கிடந்த பஞ்சு உறை ஒன்றை எடுத்து உதறியபோது கராம்பு மணந்தது. மைக்கின் தலையில் மாட்டுகிற அதே கறுப்புப் பஞ்சுதான். பாடுவதற்கு முன்னால் ஒரு கராம்பை வாயில் அடக்கிக்கொள்வது உன் வழக்கம். நீ போய் ஒன்பது மாதமாகிறது, மணம் இன்னும் போகவில்லை. அதை வேறொரு மைக்கில் மாட்டவும் மனமில்லை, பெட்டிக்குள் திரும்ப வைக்கவும் முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டு முற்றத்துக் கதிரையில் இருந்துவிட்டேன். என் ஏறாவூர்க் கூட்டாளி வான் வண்டியைக் கொண்டுவந்து ஹோர்ன் அடித்த பிறகுதான் எழும்பினேன்.

உனக்குச் சொல்லவேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் பாதியை நீ இருக்கும்போதே சொன்னேன், அதுவும் சொல்லக்கூடாத விதத்தில். மிச்சப் பாதியை இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் முதன்முதலில் கதைத்ததே மைக் கூவியதைப் பற்றித்தான். தன்னாமுனையில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு நான் ஸ்பீக்கர் பூட்ட வந்த முதல் நாள். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்ற நீ பாட்டை நிறுத்திவிட்டு, "உங்கட மைக்கும் எங்களோட சேர்ந்து பாடுதே" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு உன்னிடம் வந்து விளக்கினேன். மைக்குக்குள் போன சத்தம் ஸ்பீக்கரால் வெளியே வருகிறது, அதையே மைக் திரும்பவும் பிடிக்கிறது, அது இன்னும் பெரிதாக வெளியே வருகிறது, அப்படியே சுற்றிச் சுற்றிக் கூவலாகிறது. அதனால் ஸ்பீக்கர் எப்போதும் பாடுபவருக்கு முன்னால், சனத்தைப் பார்த்து நிற்கவேண்டும். மைக்கின் முதுகுதான் அதற்குத் தெரியவேண்டும். நீ கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, ஸ்பீக்கரை நீயே பிடித்துத் தள்ளத் தொடங்கினாய்.

கலியாணத்துக்குப் பிறகு என்னோடு எத்தனை இடங்களுக்கு வந்திருப்பாய். சனம் வருமுன்னர் மைக்கைக் கையில் பிடித்தபடி மேடை முழுவதும் நடப்பாய். எந்த மூலையில் கூவுகிறதோ அந்த இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்து அடையாளம் காட்டுவாய். காத்தான்குடியில் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவில், அதிபர் மைக்கோடு நேரே ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்து வந்தபோது, நீ ஓடிப்போய் அவரைத் தோளில் பிடித்துத் திருப்பிவிட்டாய். முன்பள்ளி ஆசிரியை அல்லவா, பெரியவர்களையும் பிள்ளைகளைப் போலத்தான் நடத்துவாய். அவரும் திரும்பியே பேசி முடித்தார்.

பிறகு கழுத்தில் அந்தக் கட்டி வந்தது. அது குரல் நரம்பையும் பிடித்திருந்தது என்று டொக்டர் சொன்னார். வெட்டி எடுத்த பிறகு உன் குரலில் காற்றுத்தான் மிஞ்சியது. பக்கத்தில் இருந்தால் கேட்கும். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் முற்றத்துக்கு வராது. முன்பள்ளியில் பிள்ளைகளைக் கூப்பிட ஒரு சின்ன மணி வைத்துக்கொண்டாய். பாடகர் குழுத் தலைவர் நல்ல மனிதர். உன்னைப் பின்வரிசையில் நிற்கச் சொன்னபோது அவருக்கே கண் கலங்கியது. நீ தலையாட்டினாய். ஆனால் வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "திருவிழாப் பூசையில பதிலுரைப் பாடல ஒருக்கா மட்டும் நான் பாடுறன். உங்களால செய்யேலும்தானே?" என்று கேட்டாய். சரணத்தை ஒருவர் தனியாகப் பாட, பல்லவியைக் குழுவும் சனமும் பாடுகிற பாட்டு அது.

செய்ய ஏலும் என்றுதான் நானும் நினைத்தேன். குரல் சின்னதென்றால் மைக்கின் சத்தத்தைக் கூட்டவேண்டும். கூட்டக் கூட்டக் கூவல் கிட்ட வரும். மூன்று பின்னேரம் வெறும் கோயிலில் நாம் இரண்டு பேரும் அதோடு மாரடித்தோம். மைக்கை உன் உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரத்துக்குக் கொண்டுவந்தேன். ஸ்பீக்கர்களைச் சனம் இருக்கிற முதல் வாங்கையும் தாண்டி முன்னுக்கு நகர்த்தினேன். நீ பாடும் நேரம் மற்ற மைக்குகளையெல்லாம் மூடினேன். சத்தத்தை மெதுமெதுவாக ஏற்றி, எந்தச் சுருதியில் முதலில் கூவுகிறதென்று பார்த்து, அதை மட்டும் குறைத்தேன். உன் காலடியில் இருந்த மொனிட்டரையும் அங்கிருந்து எடுத்துவிட்டேன். பாடுபவருக்குத் தன் குரல் கேட்பதற்காக வைக்கிற சின்ன ஸ்பீக்கர் அது. மைக்குக்கு அவ்வளவு கிட்டவாக இருந்தால் முதலில் கூவப்போவது அதுதான். "அப்ப எனக்கு என்ட குரல் கேக்காதே" என்றாய். "சனத்துக்குக் கேக்கும்" என்றேன். மூன்றாம் நாள், கடைசி வாங்கில் போய் நின்று கண்ணை மூடிக் கேட்டேன். உன் குரல் அங்கே வந்தது.

வெறும் கோயிலும் நிறைந்த கோயிலும் ஒன்றல்ல என்பது என் தொழிலில் முதல் பாடம். மனிதர்களின் உடம்பும் உடுப்பும் சத்தத்தைக் குடித்துவிடும். திருவிழாவன்று வாசல் வரைக்கும் சனம் நின்றது. எல்லா மின்விசிறியும் சுழன்றது. நீ கருநீலச் சேலையில் போய் நின்றாய். குழு பல்லவியைப் பாடியது, சனமும் பாடியது. நீ முதல் சரணத்தைத் தொடங்கினாய். நடுவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்கவில்லை என்று விளங்கியது. மிக்சரில் உன் மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை மேலே தள்ளினேன். உன் குரல் எழுந்தது. அதோடு கூவலும் எழுந்தது. கூரைத் தகடு அதிர்ந்தது. ஒரு குழந்தை வீரிட்டது. திருவிழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் திரும்பி என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் ஃபேடரை அடிவரைக்கும் இழுத்தேன்.

கூவல் நின்றது. நீ நிற்கவில்லை. மொனிட்டர் இல்லாததால் மைக் மூடியதும் உனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிப் பாடிக்கொண்டே இருந்தாய். உன் வாய் அசைந்தது, கோயிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சரணம் முடிந்ததென்று நீ கண்ணைத் திறந்து கையைத் தூக்கினாய், குழுவின் மைக்கைத் திறந்தேன், சனம் பல்லவி பாடியது. நான்கு சரணமும் அப்படியே போனது. இறங்கி வந்தபோது உன் முகம் வேர்த்துப் பளபளத்தது. "கேட்டுதா?" என்றாய்.

"ஓம். கடைசி வாங்கு வரைக்கும் கேட்டுது."

அதன் பிறகு இரண்டு மாதம் நீ சந்தோசமாக இருந்தாய். உனக்கு முன்னால் உண்மையைச் சொல்ல ஊரில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. முன்பள்ளி ஆண்டிறுதி விழா வந்தது. பிள்ளைகளுக்குக் கிரீடம் செய்ய நிறக் கடதாசி வெட்டிக்கொண்டே, இந்த முறையும் பாடப்போவதாகச் சொன்னாய். கோயிலிலேயே கேட்டதுதானே, மண்டபம் எவ்வளவு சின்னது என்றாய். நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். வெயில். முந்தின நாளும் ஒரு மேடையில் வேலை பிழைபட்டு எரிச்சலோடு இருந்தேன். அந்தப் பொய்யை இன்னொரு தரம் சொல்ல வேண்டுமென்று நினைத்ததும் உண்மை வாயில் வந்துவிட்டது. அன்றைக்கு ஒருவருக்கும் கேட்கவில்லை, மைக் கூவியது, மூடினேன், வேறு வழி இருக்கவில்லை என்றேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாய்.

"நாலு சரணமுமா?"

"நாலும்தான்."

வெட்டிய கடதாசிகளை அடுக்கினாய். பிறகு, அந்தக் காற்றுக் குரலில், "ஒரு கையாலதான் இறக்கினீங்க. மற்றக் கையால நிப்பாட்டச் சொல்லிக் காட்டியிருக்கலாமே. நான் நிப்பாட்டியிருப்பன்" என்றாய். அவ்வளவுதான். கத்தரிக்கோலை எடுத்து மிச்சக் கிரீடங்களையும் வெட்டி முடித்தாய்.

விழாவில் நீ பாடவில்லை. பாடகர் குழுவுக்கும் போகவில்லை. அடுப்படியில் வேலை செய்யும்போது வாய்க்குள் முணுமுணுக்கிற பழக்கம்கூட நின்றுபோனது. என்னோடு கோபமாக இருக்கவில்லை. சோறு போட்டாய், உடம்பு எப்படி என்று கேட்டாய். மன்னிப்புக் கேட்க ஒரு நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தேன். இருமல் வந்தது. புற்று நெஞ்சுக்கும் பரவிவிட்டதென்றார்கள். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுற்றி எப்போதும் யாராவது நின்றார்கள். நீ சொல்வதைக் கேட்க உன் வாயருகில் காதை வைப்பேன். தண்ணீர் கேட்பாய், போர்வையை இழுத்துவிடச் சொல்வாய். என் வாயை உன் காதருகில் வைத்து நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அடக்கப் பூசைக்கு வேறு ஆளைப் பிடிக்கலாம் என்றார்கள். நானே ஸ்பீக்கர் பூட்டினேன். ஒரு தரமும் கூவவில்லை.

நான் சொல்லாமல் விட்ட மிச்சப் பாதி இதுதான். வேறு வழி இருந்தது. ஃபேடரை ஒரு விரலளவு இறக்கியிருந்தால் கூவல் நின்றிருக்கும். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது, முன்னால் இருந்த நாலு வாங்குக்காவது உன் குரல் கேட்டிருக்கும். இரண்டாம் சரணத்தில் என் கூட்டாளி காதருகே குனிந்து, "அக்காட மைக் மூடிக் கிடக்கு அண்ணன்" என்றான். "தெரியும்" என்றேன். அதனால் கைப்பிழை என்றும் சொல்ல முடியாது. என் ஸ்பீக்கர் கூவாது என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. கையை உயர்த்திய அந்த மனிதரின் பார்வைக்கு வெட்கப்பட்டேன். இன்னும் உள்ளே போய்ப் பார்த்தால், உன் குரலுக்கும் வெட்கப்பட்டேன். அந்தச் சிதைந்த குரலை ஊர் முழுவதும் கேட்கப்போகிறதென்று, ஃபேடரைத் தள்ளும்போதே பயந்தேன். கூவல் எனக்கு மைக்கை மூட ஒரு சாட்டாக வந்தது.

இப்போது எந்த மேடையானாலும் பாடுபவரின் காலடியில் மொனிட்டர் வைக்கிறேன். கூவுமே என்று கூட்டாளி சொல்வான். கூவட்டும், தங்கள் சத்தம் தங்களுக்குக் கேட்கவேண்டும் என்பேன். அதனால் உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அந்தத் திருவிழாப் பூசையை மிக்சரிலிருந்து நேரே ஃபோனில் பதிவுசெய்திருந்தேன். திறந்திருக்கிற மைக் மட்டும்தான் அதில் விழும். நீ போன பிறகுதான் அதைப் போட்டுக் கேட்கத் துணிந்தேன். பல்லவி வருகிறது. பிறகு உன் குரல், அரை வரி. கூவல் எழுகிறது, அறுகிறது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சனம் பல்லவி பாடுகிறது. மறுபடியும் ஒன்றுமில்லை. மூன்று பின்னேரம் உன்னோடு நின்றவன் நான். எந்தச் சொல்லில் இழுப்பாய், எங்கே மூச்செடுப்பாய் என்று தெரியும். ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டு, அந்த வெறுமைக்குள் உன் சொற்களை ஒவ்வொன்றாக நானே நிரப்பிப் பார்க்கிறேன். நாலாம் சரணத்தின் கடைசிச் சொல்லில் நான் வந்து சேர்கிற அதே நேரத்தில், ஒரு நொடிகூடப் பிசகாமல், சனம் பல்லவியைத் தொடங்குகிறது.