சோதனை மேசையில் சிரித்தவர்கள்

ப்ளெவன், பல்கேரியா,
ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணே டில்யானா,

அம்மா எழுதுகிறேன். நீயும் குழந்தை கலினாவும் கதவைத் தாழிட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்கள் என்று நம் ஊர் இஸ்க்ரா, அங்கே உனக்கிருக்கும் ஒரே தோழி, போனில் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ரொட்டி தொண்டையில் இறங்கியது. உன் பழைய போனைத் தூக்கிப் போட்டது நல்ல காரியம். இந்தக் கடிதத்தை இஸ்க்ரா வேலை பார்க்கும் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். அவள் உன் கையில் சேர்த்துவிடுவாள்.

இங்கே மழை விட்டபாடில்லை. சமையலறைக் கூரை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். என் மணிக்கட்டு வீக்கம் வடிந்துவிட்டது, அதைப் பற்றி நீ கவலைப்படாதே. அப்பாவின் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தேன்.

விமான நிலையத்தில் நான் விஷத்தோடு பிடிபட்டேன் என்று ரூமென் இத்தாலியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறானாமே. அவனை இனி மாப்பிள்ளை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நடந்ததை நீ என் வாயாலேயே கேட்டுக்கொள்.

ஈஸ்டருக்கு நீ வந்தபோது, வெயில் கொளுத்தும் நாளில் கழுத்தில் துணி சுற்றியிருந்தாய். அலமாரிக் கதவு இடித்தது என்றாய். கதவுக்கு ஐந்து விரல் உண்டா, டில்யானா? போனில் பேசும்போதெல்லாம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். நான் என்ன கேட்டாலும் நீ அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாய். குழந்தையைப் பார்த்துக்கொள்ள இத்தாலிக்கு வாருங்கள் என்று அவனே வந்து கூப்பிட்டபோது, இதுதான் சமயம் என்று நானும் கிளம்பினேன்.

சந்தைக்குப் பின்னால் வேட்டைச் சாமான் விற்கும் கடையில் ஒரு பெப்பர் ஸ்பிரே வாங்கினேன். கையடக்கமான டப்பா. கடைக்காரன், “நாய்க்காம்மா?” என்று கேட்டான். “ஆமாப்பா, நாய்க்குத்தான்” என்றேன். அதை ஒரு கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி என் பைக்குள் வைத்தேன். பெட்டி ஏற்றக் காசு அதிகம் என்று அவன் ஆளுக்கொரு கைப்பைதான் பதிவு செய்திருந்தான். பக்கத்தில் உனக்குப் பிடித்த குடைமிளகாய்த் தொக்கு ஒரு பாட்டில். துப்பாக்கியும் கத்தியும்தான் கூடாது என்று நினைத்திருந்தேன்.

சோதனை வரிசையில் செருப்பையும் இடுப்புப் பட்டையையும் கழற்றச் சொன்னார்கள். காலுறையோடு நின்றேன். ரூமென் எனக்கு முன்னால் தாண்டிப் போய்விட்டான். என் பை மட்டும் இயந்திரத்துக்குள்ளேயே நின்றது. இளவட்டமாக ஒரு காவலன் அதைத் தூக்கி மேசையில் வைத்துக் கொட்டினான். என் உள்பாவாடை, மாத்திரை டப்பா, எல்லாம் எல்லோர் கண்ணிலும் பட்டன. முதலில் தொக்கைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். பிறகு காலுறையை உதறினான். ஸ்பிரே உருண்டு வந்தது.

“என்னம்மா, மிளகாய் வியாபாரமா? சாப்பிட ஒண்ணு, கண்ணுல அடிக்க ஒண்ணு!” என்றான். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதை எடுத்துப் போகக்கூடாது என்பதில் எனக்கு வழக்கில்லை, மகளே. விமானத்துக்குள் அது வெடித்தால் எல்லோருக்கும் கண் போகும். எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் யாருக்கு இது என்று அவன் கேட்டான். என் மகளுக்கு, அவள் வீட்டில் அவளுக்குப் பாதுகாப்பில்லை என்று உள்ளதைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது ரூமென் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

அவன் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. சிரித்தான். சூயிங்கத்தை மென்றுகொண்டே, “என் பொண்டாட்டிக்குத்தான் சார். வீட்ல சிங்கம் மாதிரி நான் இருக்கேன், அவளுக்கு எதுக்கு இதெல்லாம்? அத்தைக்கு டிவி பாத்துப் பாத்து மூளை குழம்பிடுச்சு” என்றான்.

“தம்பி, மாமியார் குறி வெச்சதே உன்னைத்தான்! தூங்கும்போதும் கண்ணாடி போட்டுக்க!” என்றான் அந்தக் காவலன். ஸ்பிரேயைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, ஐயோ அம்மா என்று அழுவதுபோல் நடித்தான். மூன்று ஆண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து ரூமெனும் சிரித்தான். முன்பின் தெரியாதவர்கள், ஒரே நிமிடத்தில் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள்.

அவர்களோடு ஒரு பெண் காவலரும் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. எடுத்துப் போக அனுமதி இருப்பது சாவிக்கொத்தில் மாட்டும் அலறும் கருவிதான் என்று மெதுவாகச் சொன்னார். அதை இழுத்தால் ஊரைக் கூட்டும்படி கத்துமாம். பாவம், நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் நீ கத்தினால் அடுத்த வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள் என்று இஸ்க்ரா எனக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

அப்போது ரூமென் என் தோளில் கை போட்டான். பார்ப்பவர்களுக்குப் பாசம். விரல்கள் எலும்பில் அழுந்தின. என் காதோரம் குனிந்து, “வீட்டுக்குப் போய்ப் பேசிக்கிறேன், அத்தை. உங்ககிட்ட இல்ல” என்றான். அவன் வாயிலிருந்து வந்த புதினா வாசனை இன்னும் என் மூக்கிலேயே நிற்கிறது. இனி வீட்டில் புதினா வாங்கமாட்டேன்.

விமானம் ஏற அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் போனாலும் நின்றாலும் அவன் உன் வீட்டுக்கு வந்து சேர்வான். நான் உடன் வந்து என்ன செய்துவிட முடியும்? பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கத்தான் முடியும். அவனை அந்த விமானத்தில் ஏறவிடக்கூடாது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

விவரம் எழுதிக்கொள்ள எல்லைப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அவரிடம் குரலை உயர்த்தி, “இது என்னோடது இல்லைய்யா. இவனோடது. பெண்கள் பையைத் துருவமாட்டாங்கன்னு சொல்லி என் பையில வெச்சான்” என்றேன். பொய்தான். இதுபோல் இன்னும் பத்துச் சொல்லவும் தயாராக இருந்தேன்.

போலீஸ்காரர் ரூமெனின் பாஸ்போர்ட்டைக் கேட்டார். அவ்வளவுதான், சிரிப்பு போய்விட்டது. “கிழட்டு முண்டமே! உன்னையும் உன் மகளையும் சேர்த்துப் புதைக்கிறேன் பாரு!” என்று கத்திக்கொண்டு என் கையைப் பிடித்து முறுக்கினான். பைகள் வைக்கும் தட்டுகள் கீழே விழுந்து சிதறின. அந்தப் பெண் காவலர்தான் முதலில் பாய்ந்து எங்களுக்கு நடுவே வந்தார். பிறகுதான் சிரித்தவர்களுக்குக் கை கால் வந்தது. நான்கு பேர் சேர்ந்து அவனைச் சுவரோடு அழுத்தினார்கள். அவன் துப்பிய எச்சில் அந்த அம்மாவின் சட்டையில் வழிந்தது. நீ தினமும் பார்க்கும் முகத்தை அன்று அந்தக் கூடமே பார்த்தது.

அவனை ஓர் அறைக்குள் கொண்டு போனார்கள். அந்த அம்மா என்னைக் கழிப்பறைப் பக்கம் கூட்டிப் போய், எதுவும் கேட்காமல் வெளியே நின்றார். நான் இஸ்க்ராவைப் போனில் கூப்பிட்டேன். துணி எடுக்காதே, பொம்மை எடுக்காதே, குழந்தையையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்பச் சொல் என்றேன். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. “போறேன் அக்கா” என்றாள், வைத்துவிட்டாள். எங்கள் இருவர் இருக்கையும் காலியாக விமானம் போனது.

போலீஸ்காரரிடம் பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் எழுதிய தாளைக் கிழித்து வேறு தாளில் எழுதத் தொடங்கினார். ரூமெனை மறுநாள்தான் விட்டார்கள். அவன் இத்தாலி வந்து கதவைத் திறந்தபோது வீடு காலி.

நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த இளவட்டக் காவலன் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினான். “முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா” என்றான். “சொன்னேனேப்பா. நீதான் சிரிச்சே” என்றேன். அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை. அவன் கையால் வந்ததைத் தொடவே கூசியது. ஒருவேளை அவனும் ஒருத்திக்குப் புருஷனாக இருப்பான், ஒரு பெண் குழந்தைக்கு அப்பனாகவும் இருப்பான்.

நேற்று ரூமெனின் அம்மா வந்திருந்தாள். வாசலில் நின்று, ஆம்பளைன்னா முன்னபின்ன இருப்பான், அதுக்காகக் குடும்பத்தைக் கலைப்பாளா ஒருத்தி என்று தெருவே கேட்கும்படி பேசினாள். கதவைச் சாத்திவிட்டேன். அவள் போன பிறகு வாசலைக் கழுவிவிட்டேன்.

அவன் அழுவான், டில்யானா. ஆள் அனுப்புவான். குழந்தைக்குப் பொம்மை அனுப்புவான். பாதிரியாரைக்கூட விட்டுப் பேசச் சொல்வான். தாயாக எனக்கு ஒரு சொல் மிச்சம் இருந்தால் அது இதுதான்: திரும்பிப் போகாதே.

அவன் இங்கேயும் வருவான். என் வாயைக் கிளறுவான். அதனால் நீ எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறாய் என்று எனக்கு எழுதாதே. இஸ்க்ராவும் சொல்ல வேண்டாம். கலினா புதிதாக என்ன பேசினாள், எவ்வளவு உயரம் ஆனாள் என்று மட்டும் எழுது. எத்தனை வருஷம் ஆனாலும் எனக்கு அது போதும்.

மாதா உங்கள் இருவர் தலைமேலும் கை வைத்திருக்கட்டும்.

உன் அம்மா
ஸ்டோயன்கா