ஆவணியில் கேட்ட மழை

அக்கா,

என் பிளாஸ்டிக் படுதா கிழிந்துவிட்டது. கொழுந்து பறிக்கும்போது மழைக்குக் கட்ட வேறு இல்லாமல், இன்று உன்னுடையதை எடுத்து உதறினேன். மடிப்பிலிருந்து மணல் கொட்டியது. நம் தேயிலை மலையில் ஏது கடல் மணல்? திருச்செந்தூருக்கு நடந்தபோது நீ கட்டியிருந்த படுதா இது.

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகுதான் அந்த நடைக்கு நேர்ந்துகொண்டாய். தமிழ்நாட்டுக்குப் போய், ஆவணித் திருவிழாவுக்குக் கன்னியாகுமரியிலிருந்து கடலோரமாகவே நடந்தோம், பச்சைச் சேலையும் வெறுங்காலுமாக. முதல் நாளே முருகனிடம் பேரம் பேசினாய்.

"கோயிலு போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு மழ பெஞ்சா நான் பொழச்சிக்குவேன். ஈசியாத்தான் கேட்டிருக்கேன்டி. அவனுக்கும் செரமம் வேணாம்."

எனக்கும் அது சின்ன விஷயமாகத்தான் பட்டது. மலையில் பிறந்த நமக்கு ஆவணி என்றால் மதியத்துக்கு மேல் மழை. அதைப் போய்க் கேட்டா வாங்க வேண்டும்?

அந்தக் கரையில் ஆவணி வேறு மாதிரி என்று யாருக்குத் தெரியும்! காற்று மட்டும் ஓயாமல் அடித்து மணலைக் கண்ணில் போட்டது. காலையில் கடல்மேல் மேகம் கறுத்தால் உடனே படுதாவை இடுப்பில் கட்டுவாய். வெயில் ஏறுவதற்குள் மேகம் போன இடம் தெரியாது. உவரியில் டீக்கடைக்காரர் உன்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்க மழைக்கு ஐப்பசி பொறக்கணும்மா."

அவர் மேல் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு வெயில் ஏறினாலும் நீ படுதாவை மட்டும் அவிழ்க்கவில்லை.

கோபுரம் தெரிந்த இடத்தில் ஒரு பெரிய அலை பாறையில் மோதியது. முகத்தில் சாரல் பட்டதும், "அக்கா, தூறுது!" என்று கத்தினேன். நீ உதட்டை நக்கிப் பார்த்தாய்.

"உப்புக் கரிக்குதுடி. பரவால்ல, வா. அவனப் பாத்துட்டுப் போலாம்."

சன்னதியில் நீ எதுவும் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அந்தத் தீபாவளிக்கு நீ இல்லை.

நான் இன்னும் விளக்கேற்றுகிறேன், அக்கா. கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை, மனசு விட்டுப்போய்விட்டது. இங்கே மழைக்குக் குறைச்சலே இல்லை, யாரும் கேட்காமலே தினமும் கொட்டுகிறது. "மழ வலுத்திருச்சி, எறங்குங்க" என்று கங்காணி இன்று கூப்பிட்டபோது எல்லோரும் இறங்கினார்கள். நான் உன் படுதாவைக் கட்டிக்கொண்டு செடிகளுக்கு நடுவே நின்று உதட்டை நக்கிப் பார்த்தேன்.

உப்பே இல்லை. நல்ல மழைதான், அக்கா.