உன் அம்மா நின்ற பக்கம்

அன்பு மகன் செல்வமுருகனுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதும் கடிதம். பெரிய கருப்பன் காவலில் நானும் உன் தங்கை சண்முகப்பிரியா வீட்டாரும் சுகமாக இருக்கிறோம், கனடாவில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். இந்தத் தையில் பனி அதிகம், காலையில் பூண்டுத் தாள் எல்லாம் உப்புத் தூவினது போல் வெளுத்துக் கிடக்கிறது, காட்டுமாடு இறங்கிக் கீழ்ப்பாத்தியை மிதித்துவிட்டது, மற்றபடி பயிர் பழுதில்லை. என் முட்டிக்கு உன் தங்கைதான் தைலம் தேய்த்துவிடுகிறாள். நீ கூப்பிடும்போதெல்லாம் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பிள்ளைகளும் கேட்கும், அதனால் இதை அதில் சொல்ல வாய் வரவில்லை. உன் தங்கையை எழுதச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. தபாலாபீஸ் மகாதேவி எழுதுகிறாள், அவள் கீழே வத்தலக்குண்டுக்காரி, இங்கே யாருக்கும் சொந்தமில்லை, அதனால்தான் அவளிடம் சொல்லத் துணிந்தேன்.

நீ பார்த்த டாக்குமெண்டரியில் வருகிற வருஷம் எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே புழுத்துப்போன வருஷம், நம் ஊருக்கு முதன்முதலாக பஸ் விட்டு, கடைசி வளைவில் திரும்ப முடியாமல் மறுவாரமே நிறுத்திப்போட்ட வருஷம், ஓட்டுப் போடப் போகிற சமயத்தில் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்துத் தேர்தலையே தள்ளிவைத்த வருஷம். நீ உன் அம்மா வயிற்றில் இருந்தாய். அதே படத்தை உன் பெரியப்பா பேரன் கோகுல்ராஜ் வீட்டுப் பெரிய டிவியில் ஊர்ப் பையன்கள் எல்லாம் கூடிப் பார்த்தார்கள், என்னையும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தேடப்படுகிறவர்கள் என்று சுவரில் ஒட்டின படங்கள், ஓடுகிற ஜீப்புகள், நடுவில் கண்மூடித் திறக்கிற நேரம் ஏதோ ஒரு மலைரோடு. உடனே பையன்கள் கைதட்டி, நம்ம மலைதான் நம்ம மலைதான் என்று கத்தினார்கள். அன்றைக்குப் பிடித்த பேச்சுதான், உன் பெரியப்பா சுப்புராஜ் தீவிரவாதியைப் பிடித்துக் கொடுத்தார் என்று உன் காது வரைக்கும் வந்துவிட்டது. நீயும் போனில், "அப்பா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே, எம்புட்டுப் பெருமையான விசயம்" என்றாய். நீ போன புதிதில் உன்னைத் தன் வீட்டுக் கீழறையில் வைத்துச் சோறு போட்ட அந்த யாழ்ப்பாணத்துப் பெரியவரிடமும் இதைச் சொல்லிவிட்டாயோ என்று நினைத்து எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. இப்போது மாசித் திருவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கப் போகிறார்களாம். தீவிரவாதி சேனாதிபதியைப் பிடித்துக் கொடுத்து நாட்டைக் காத்த ஊர் என்று போட்டு, பெரியப்பா படம், பக்கத்தில் கனடா செல்வமுருகன் என்று உன் படம். அன்றைக்கு மந்தைத் திடலில் நின்ற குடும்பத் தலைவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான் என்பதால் எனக்குப் பொன்னாடையாம். நடந்தது என்ன என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் தம்பி, தெரிந்துகொண்டு அதை நிறுத்த வேண்டும்.

சேனாதிபதி என்பவர் சிலோனிலிருந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டுத் தாய்நாடு என்று வந்து சேர்ந்தவர். அங்கே தேயிலைத் தோட்டத்து லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். இங்கே சீகை மரம் வெட்டுகிற வேலைக்குக் கூட்டிவந்தார்கள், அந்த வேலை முடிந்தபின் நம் பூண்டுக் காட்டு ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு நமக்கும் நாலு பேருக்கும் வேலை செய்துகொண்டு அவரும் அவர் சம்சாரமும் மூன்று வயசுப் பெண் பிள்ளையும் இருந்தார்கள். நான் கல்யாணம் முடிப்பதற்கு முன்னாலேயே வந்தவர்கள். ரேஷன் கார்டு உண்டு, ஓட்டு உண்டு. ஆனால் ஊரில் தலைக்கட்டு கிடையாது. திருவிழாவில் கிடாக்கறி பங்கு வைக்கும்போது உன் பெரியப்பா மந்தையில் நின்று, வரி கொடுத்த வீடு ஒவ்வொன்றாகப் பேர் கூப்பிடுவாரே, நீயும் தூக்குவாளியோடு நின்றிருக்கிறாய், அந்த வரிசையில் அவர்கள் பேர் கிடையாது, கேட்கவும் மாட்டார்கள், நாமும் சேர்க்கவில்லை. தள்ளிவைத்த ஓட்டைப் போட்டு விரலில் மை அழியாத வாரம், ஆனி மாதம், விதைப்பூண்டு உடைத்துக்கொண்டிருந்த காலை நேரம், இரண்டு ஜீப்பும் ஒரு வேனும் ஏறி வந்தன. பேண்ட் சட்டை போட்ட அதிகாரி ஒருவர் எல்லாரையும் மந்தைக்கு வரச் சொல்லி, ஊர் ஆட்களைத் தனியாக நிறுத்துங்கள் என்று பெரியப்பாவிடம் சொன்னார். அவருக்கு வேண்டியது புதிதாக வந்து ஒளிந்த ஆள் யாராவது உண்டா என்பதுதான். பெரியப்பாவுக்கு ஊர் ஆட்களைப் பிரிக்கத் தெரிந்தது ஒரே விதம். கருப்பன் கோயில் பக்கம் திரும்பி நின்று, கறிப் பங்குக்குக் கூப்பிடுகிற அதே குரலில், அதே வரிசையில் தலைக்கட்டுப் பேர் கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு வீடாகக் கோயில் பக்கம் போய் நின்றது. அழகுமலை என்றார், நானும் போனேன். கடைசிப் பேரும் முடிந்தது. மந்தை நடுவில் சேனாதிபதியும், சம்சாரமும், அந்தம்மா இடுப்பில் பிள்ளையும் நின்றார்கள். அவர்களோடு உன் அம்மாவும் நின்றாள்.

நான் பேர் கேட்டு நடந்தபோது என் பின்னால் வருகிறாள் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அங்கேயே நிற்கிறாள், அஞ்சு மாச வயிற்றோடு. "பெரிய மாமா, ரெண்டு பேரு விட்டுப்போச்சு, இவுகளையும் கூப்பிடுங்க" என்று உன் பெரியப்பாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். ஊரே சிரித்தது. மச்சினன் முறைக்காரன் ஒருவன், "கறி பத்தாது தாயி, நீ இங்கிட்டு வா" என்று கேலி பேசினான். அதிகாரி சேனாதிபதியிடம் பேர் கேட்டார். அவர் சொன்னதும், எந்தப் படைக்கய்யா நீ சேனாதிபதி என்று அதிகாரி கேட்க, போலீஸ்காரர்கள் சிரித்தார்கள், எங்கள் பக்கத்திலும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த மனிதர் மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டினார். "அய்யா, நானும் இங்கனதான் ஓட்டுப் போட்டேனுங்க, இவுகளக் கேட்டுப் பாருங்க" என்றார். அதிகாரி எங்களைப் பார்த்தார். பெரியப்பா, "நம்ம ஊரு இல்லீங்க, சிலோன்காரங்க, எங்க கணக்குல இல்ல" என்று சொல்லிவிட்டார். சாகும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், நான் பொய் சொல்லலையே, கணக்குல இல்லாதவன இல்லன்னேன் என்று. அப்போதுதான் உன் அம்மா இரண்டாம் தரம் பேசினாள். "அவுக இங்க வந்து குடியிருக்கையில நான் எங்கப்பன் வீட்டுல பாவாடை கட்டித் திரிஞ்சேன். அவுக வெளியாளுன்னா நேத்து வாக்கப்பட்டு வந்த நான் யாரு? அப்ப என்னையும் ஏத்துங்க வேன்ல" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி முகம் மாறிற்று, அவளிடம் ஏதோ கேட்கப்போனார். அந்த ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அவர் விசாரித்திருப்பார், விஷயம் வெளிவந்திருக்கும். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. எனக்கு அவமானம் தாங்கவில்லை தம்பி. பெண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் என்று பார்த்தார்கள். நான் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "அய்யா, மாசமா இருக்கா, மூளை ஒரு நெலையில இல்லைங்க, எதையாச்சும் பேசுவா" என்று சொன்னேன். பெரியப்பாவும், "ஆமாங்க, கொஞ்சம் அப்படித்தான்" என்றார். அவ்வளவுதான், அதிகாரி அவளைத் தாண்டிப் போய்விட்டார். சேனாதிபதியை ஏற்றிக்கொண்டு வேன் இறங்கியது. உன் அம்மா தானாக என் பக்கம் வரவில்லை, அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகக் குடிசைக்குக் கூட்டிப்போனாள்.

அவர் மேல் வழக்கு ஒன்றும் இல்லை, ஆவணி கடைசியில் விட்டுவிட்டார்கள். வந்தபோது ஒரு கால் ஊன்ற முடியவில்லை. ஊர் அவர்களை மறுபடி இருக்க விடவில்லை, போலீஸ் தேடி வந்த குடும்பம் எதற்கு என்று. பெருமாள்மலைக்குப் போய் ரோட்டோரம் பழக்கடை போட்டுப் பிழைத்தார்கள், அந்தக் காலோடுதான் அவர் செத்தும் போனார். உன் அம்மா பூண்டு நட்டு முடிகிறவரை என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் நிலம் வாங்கவா, உன்னை எந்தப் பள்ளிக்கூடத்தில் போட என்று நான் யோசனை கேட்டால், "மூளை சரியில்லாதவகிட்ட எதுக்குக் கேக்குறீக" என்பாள், கடைசிவரை விடவில்லை. முருகேஸ்வரி என்ற பேர் போய் ஊரில் அவளுக்குச் சிலோன்காரி என்று பேர் விழுந்தது. நீ அஞ்சாம் வகுப்பில் உன் அம்மாவை அப்படிச் சொன்ன பையன் மூக்கை உடைத்துவிட்டு வந்து, ஏன் அப்பா அப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டாய். சிலோன் ரேடியோவில் பாட்டுக் கேட்பாள், அதனால்தான் என்று சொன்னேன். நீயும் நம்பினாய், அவள் அடுப்படியில் கேட்டுக்கொண்டு இருந்தாள். அவள் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பெருமாள்மலையில் பஸ் நிற்கிற நேரத்தில் இறங்கி அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள். நான் சீட்டிலேயே உட்கார்ந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். இத்தனை வருஷமும் அவள் செய்த காரியத்துக்குத்தான் நான் வெட்கப்பட்டேன் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

கோகுல்ராஜிடம் இதை எல்லாம் சொன்னேன். அந்த ஆள் தீவிரவாதி இல்லையடா, நம்ம பூண்டு உடைத்த ஆள் என்றேன். "சின்னத் தாத்தாவுக்கு வயசாயிருச்சு, ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லுது" என்று என் எதிரிலேயே பையன்களிடம் சொல்லிச் சிரிக்கிறான். என் வாயிலிருந்து புறப்பட்ட பேச்சுதானே அது. வேறு சாட்சி வேண்டும் என்று போன வாரம் வெள்ளனே பஸ் ஏறிப் பெருமாள்மலைக்குப் போனேன். அந்த அம்மா மலைவாழைத் தாரைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "அழகுமலை அண்ணனா, ஒருவழியா பஸ்ஸ விட்டு எறங்கிட்டீகளா" என்று கேட்டார். நான் தலை நிமிரவில்லை. "முருகேசு அக்கா வந்தா பாதி நேரம் ஒங்களத்தான் வைவாக, மீதி நேரம் ஒங்களுக்குப் பழம் வாங்குவாக" என்று சொல்லிச் சிரித்துவிட்டு ஸ்டூல் போட்டார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன், ஊருக்கு வந்து நாலு பேர் முன்னால் சொல்லுங்கள் என்றேன். சிரிப்பு போய்விட்டது. "நான் அங்கன வந்தா மறுபடி மந்தையில தனியாத்தாண்ணே நிக்கணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார், பேரன் முத்துராஜ் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருக்கிறானாம், இனி விசாரணைக்கு ஆள் வருவார்களாம். "அவுக தாத்தன் பேரத் தீவிரவாதின்னு போட்டு ஒங்க ஊருல தொங்கவிட்டா, அதப் படம் பிடிச்சு எல்லாப் போனுலயும் அனுப்புவாக. விசாரிக்க வர்றவுக ஒங்க ஊருலயும் வந்து கேப்பாக. அன்னைக்கு மாதிரிக் கேட்டா, ஒங்க ஊரு என்னாண்ணே சொல்லும்?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லுங்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை, பேரைப் போடாமல் இருந்தால் போதும் என்கிறார்.

என் பேச்சு இங்கே எடுபடாது, கனடாவிலிருந்து நீ சொன்னால் ஊர் கேட்கும். கடிதம் கிடைத்த அன்றே கோகுல்ராஜைக் கூப்பிடு, ஃப்ளெக்ஸில் உன் படம் வரக் கூடாது, பெரியப்பா படத்தோடு அந்த எழுத்தும் வரக் கூடாது என்று கண்டித்துச் சொல். ஏன் என்று கேட்டால், பொய் என்று சொல், அதற்கு மேல் அந்தக் குடும்பத்தைப் பற்றி எதுவும் பேசாதே. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் நீ போட்ட கைதட்டலையும் எடுத்துவிடு. பொன்னாடைக்கு நான் போக மாட்டேன், திருவிழா அன்று வீட்டில்தான் இருப்பேன். கோபம் வந்தால் என்னைத் திட்டு, ஸ்பீக்கரில் போட்டே திட்டு, பரவாயில்லை. உன் பிள்ளைகளிடம் மட்டும் அவர்கள் அப்பத்தா எந்தப் பக்கம் நின்றாள் என்று நான் சொன்னதாகச் சொல். நீயும் அன்றைக்கு அவள் வயிற்றில் அந்தப் பக்கம்தான் நின்றாய், அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம், நோய் நொடி இல்லாமல், யார் முன்னாலும் முகம் திருப்பிக்கொள்ள வேண்டாத வாழ்வு வாழ வேண்டும். சின்னவனுக்குக் காலுறை போடாமல் வெளியே விடாதே, பூண்டு தட்டிப் பாலில் போட்டுக் கொடு. சித்திரையில் நீ வரும்போது வீட்டுக்கு நேராகக் காரை விடாதே, பெருமாள்மலையில் இறங்கு, செக்போஸ்ட்டைத் தாண்டி இடது கையில் நீலத் தார்ப்பாய் போட்ட பழக்கடை. என் மகன் என்று சொல்லாதே, முருகேஸ்வரி மகன் என்று சொல். அன்றைக்கு மந்தை நடுவில் நின்ற பெரியவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது அந்த அம்மா ஒருவர்தான். அவர் பேர் பொன்னுத்தாய்.

உன் அப்பன்
அழகுமலை, இடது கைப் பெருவிரல் ரேகை